ஒற்றையடிப் பாதையில் யார் ஒதுங்குவது?

நாஞ்சில் நாட்டில் இலையுதிர் காலம் கிடையாது. அந்தச் சொல்லை நாங்கள் பாடப்புத்தகத்திலும் வெளிநாட்டுப் படங்களிலும்தான் பார்த்திருக்கிறோம். ஒரு காடு முழுக்க மஞ்சளாகிச் சிவந்து கொட்டுவதைப் பார்க்க ஆசைப்பட்டால் மார்கழி, தை மாதத்தில் ரப்பர் தோட்டத்துக்குள் போக வேண்டும். அதுவும் பிரேசிலிலிருந்து வந்த மரம். பழைய தமிழ்க் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். கார் முடிந்து முன்பனி தொடங்குவதற்கு முன் வருகிற ஈரக் குளிர். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் இது. ஐப்பசியில் காலை வெளுப்பாக இருக்கும், மதியம் மலையில் மேகம் இறங்கும், சாயங்காலம் கொட்டும். எனக்கும் என் நண்பனுக்கும் அதுதான் சைக்கிள் சீசன்.

சைக்கிள் என்றால் மவுண்டன் பைக். முன்னால் சஸ்பென்ஷன், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், சேற்றைக் கடித்துப் பிடிக்கிற டயர். அறுபதாயிரம் ரூபாய், பன்னிரண்டு மாதத் தவணை. வீட்டில் இன்னமும் பாதி விலைதான் சொல்லியிருக்கிறேன்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியும் முன் வடசேரியிலிருந்து கிளம்பினோம். இறச்சகுளம், பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம். வயல்களில் கும்பப்பூ நடவு முடிந்து நாற்று பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது. இடதும் வலதும் தண்ணீர், நேர் எதிரே மலை. தடிக்காரன்கோணத்தில் கட்டன் சாயாவும் ரசவடையும். அங்கிருந்து கீரிப்பாறைக்கு ஏற்றம். ரப்பர் மரங்களுக்கு மழைக்காலப் பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருந்தார்கள். வெட்டின பட்டையிலிருந்து பால் சிரட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. ரப்பர் வெட்டுகிறவர்கள் இருட்டிலேயே வந்து வேலையை ஆரம்பித்துவிடுவார்கள். நாங்கள் வியர்த்து வழிந்து மேலே போகும்போது அவர்களுடைய நாளில் பாதி முடிந்திருந்தது.

காளிகேசம் போகும் வழியில் வனத்துறை சோதனைச்சாவடி. 2008-இல் இந்த மலைக்காடுகளில் சுமார் 400 சதுர கிலோமீட்டர் கன்னியாகுமரி வனஉயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மேலே காட்டுப்பாதைகளில் சைக்கிளோடு சுற்ற அனுமதி இல்லை என்றார்கள். யானை நடமாட்டமும் இருந்தது. நண்பன் கொஞ்சம் முனகினான். எனக்கு அதில் வருத்தமில்லை. யானைக்கு நாம் வழிவிட வேண்டுமென்றால் அதற்கு இருக்கிற ஒரே முறை அங்கே போகாமலிருப்பதுதான். அன்று காலையில் இப்படியொரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு என்னைப் பற்றி நானே நல்லவிதமாக நினைத்துக்கொண்டேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

திரும்பி வந்து தனியார் தோட்டங்கள் வழியாக மேற்கே ஏறினோம். ஒரு தோட்டக்காரரிடம் கேட்டதற்கு, “போங்க, வழுக்கும், பாத்து” என்றார். இரண்டு மணி நேரம் ஏற்றம். பாதி தூரம் தள்ளிக்கொண்டு போனோம். சாக்ஸுக்குள் அட்டை. தோட்டத்தின் மேல் விளிம்பில் உட்கார்ந்து மட்டிப்பழம் தின்றோம். கீழே ஊர்வரை ஒற்றையடிப் பாதை. இரண்டு முழம் அகலம், ஒரு பக்கம் மண்திட்டு, இன்னொரு பக்கம் புதரும் சரிவும். இந்த இறக்கத்துக்காகத்தான் காலையிலிருந்து பாடுபட்டது.

இறங்க ஆரம்பித்தேன். அந்த இரண்டு மூன்று நிமிடத்தை விவரிப்பது கஷ்டம். மனசில் ஒன்றுமே ஓடாது. அடுத்த வேர், அடுத்த கல், அடுத்த வளைவு, அவ்வளவுதான். ஒரு வளைவு திரும்பினதும் கீழேயிருந்து ஒரு பாட்டி ஏறி வந்தார். தலையில் சும்மாடு, அதன்மேல் ரப்பர் விறகுக் கட்டு. எங்களுக்கு நடுவே நாற்பது மீட்டராவது இருந்திருக்கும். என் இரண்டு விரல்கள் பிரேக் மேல்தான் இருந்தன. அவர் என்னைப் பார்த்தார். பார்த்த உடனே பாதையை விட்டுப் புதர்ப்பக்கம் ஒரு காலை எடுத்து வைத்தார்.

நான் பிரேக்கை விட்டுவிட்டேன்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு நொடியைப் பற்றித்தான். ‘அவங்க ஒதுங்கியாச்சு, இனி நிறுத்த வேண்டாம்’ என்று கைக்குத் தெரிந்தது. மூளையைக் கேட்கவில்லை. நான் கடந்த அதே நேரத்தில் அவருடைய கால் ஈர இலையில் வழுக்கியது. விறகுக்கட்டு சாய்ந்து சரிவில் விழுந்தது. அவர் ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சத்தம்தான் கேட்டது. நிறுத்தித் திரும்பி ஓடினேன்.

முழங்கையில் சிராய்ப்பு. வேறொன்றும் இல்லை. நான் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டேன். அவர் சேலையைத் தட்டிக்கொண்டு, “செரி விடு மக்ளே. பையப் போ. மழை பெஞ்ச பாதையாக்கும்” என்றார். அதற்குள் நண்பனும் வந்தான். சரிவிலிருந்து விறகை மேலே கொண்டுவந்து, மறுபடி கட்டி, அவர் தலையில் தூக்கி வைக்க எங்கள் இரண்டு பேராலும் தள்ளாடித்தான் முடிந்தது. தினமும் ஜிம் போகிற நண்பன் மூச்சு வாங்கினான். “தனியா எப்படி பாட்டி தூக்கி வச்சீங்க?” என்று கேட்டேன். “கீழ ஒருத்தி ஏத்தி விட்டா” என்றார். அதாவது அந்தக் கட்டு கீழே விழுந்தால், அந்தக் காட்டில் இன்னொரு ஆள் வரும்வரை அவர் காத்திருக்க வேண்டியதுதான். அவர் ஒதுங்கினபோது எதைப் பணயம் வைத்து ஒதுங்கினார் என்று அப்போதுதான் புரிந்தது.

அன்று ராத்திரி ஸ்ட்ராவாவைத் திறந்து பார்த்தேன். எங்கெங்கே எவ்வளவு வேகத்தில் போனோம் என்று கோடு போட்டுக் காட்டுகிற செயலி. அவரைக் கடந்த இடத்தில் என் வேகக் கோடு இறங்கவே இல்லை. கொஞ்சம் ஏறியிருந்தது. முப்பது மீட்டர் தாண்டித்தான் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுகிறது. ‘பிரேக் பிடிச்சேன், நிக்கல’ என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அந்தக் கோடு இடம் தரவில்லை.

*

ஒற்றையடிப் பாதையில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் யார் ஒதுங்க வேண்டும்?

மவுண்டன் பைக்கிங் உலகத்தில் இதற்கு எழுதி வைத்த பதிலே இருக்கிறது. இந்த விளையாட்டு 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், டமால்பையஸ் மலையைச் சுற்றி வளர்ந்தது. பழைய கனமான சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய் மண்பாதையில் உருட்டி விடுகிற இளைஞர்கள். 1976-இல் ஒரு பாதையில் பந்தயமே வைத்தார்கள். அதற்குப் பெயர் ‘ரீபேக்’. இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் சூட்டில் உருகிப் புகைந்துவிடும், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும், அதனால் அந்தப் பெயர். சைக்கிள்காரர்கள் கூடக் கூட, நடக்கிறவர்களுக்கும் குதிரையில் வருகிறவர்களுக்கும் அவர்களோடு சண்டை வந்தது. அங்கே மண்சாலைகளில் மணிக்கு 15 மைல், ஆட்களைக் கடக்கும்போதும் மறைவான வளைவிலும் 5 மைல் என்று வேகவரம்பு வைத்தார்கள். 1988-இல் தொடங்கப்பட்ட சர்வதேச மவுண்டன் பைக்கிங் சங்கத்தின் பாதை விதிகளும் இதையே சொல்கின்றன: சைக்கிளில் வருகிறவர் நடக்கிறவருக்கு வழிவிட வேண்டும், இறங்குகிறவர் ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும்.

இந்த விதிகள் எனக்கு ஏற்கெனவே தெரியும். யூடியூபில் பார்த்திருக்கிறேன், வாட்ஸப் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். இரண்டு விதிப்படியும் நிற்க வேண்டியவன் நான். ஆனால் அந்த விதி என் மனசில் ‘ஹைக்கர்’ என்கிற ஒருவருக்காக இருந்தது. முதுகுப்பை, குச்சி, தொப்பி, கையில் தண்ணீர்க்குப்பி. விறகு சுமந்து வருகிற பாட்டி அந்தப் படத்தில் இல்லை. அவர் எனக்குப் பாதையின் ஒரு பகுதியாகத் தெரிந்திருக்கிறார், தானாக நகர்ந்துகொள்கிற ஒரு கல் மாதிரி. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

நண்பன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. திரும்பி வரும்போதே சொன்னான். “மக்கா, நீ ஓவரா யோசிக்க. அந்தப் பாட்டி பைக்குக்கும் ஒதுங்கும், ஜீப்புக்கும் ஒதுங்கும். ரப்பர் வெட்டுற அண்ணாச்சிமாரு டிவிஎஸ்-ல எறங்கும்போது பிரேக் பிடிக்கவா செய்யாவ? அவனவன் அவசரம் அவனவனுக்கு.”

அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. அண்ணாச்சி நிறுத்தாமல் போயிருக்கலாம். ஆனால் அவருக்கு ஓர் அவசரம் உண்டு. பால் உறைவதற்குள் கொண்டு சேர்க்க வேண்டும். விறகுக்கும் பாலுக்கும் நடுவே யார் ஒதுங்குவது என்பதை அவர்கள் இரண்டு பேரும் ஒரு பார்வையில் பேசி முடித்துக்கொள்வார்கள். நாளைக்கு வேறு மாதிரி நடக்கலாம், ஏனென்றால் இருவருக்கும் அந்தப் பாதை நாளைக்கும் வேண்டும். எனக்கு என்ன அவசரம்? எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லை. காலையில் கிளம்பிய இடத்துக்கே சாயங்காலம் திரும்பி வருவதற்காக எண்பது கிலோமீட்டர் ஓட்டுகிறேன்.

அதனால் விளையாட்டு கேவலம் என்று நான் சொல்லவில்லை. பெர்னார்ட் சூட்ஸ் என்ற தத்துவப் பேராசிரியர் 1978-இல் ‘தி கிராஸ்ஹாப்பர்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். எறும்பும் வெட்டுக்கிளியும் கதையில் எல்லோரும் திட்டுகிற வெட்டுக்கிளியின் பக்கம் நின்று, விளையாட்டு என்றால் என்ன என்று யோசிக்கிற புத்தகம். தேவையில்லாத தடைகளை விரும்பி ஏற்றுக்கொண்டு அவற்றைத் தாண்டப் பார்ப்பதுதான் விளையாட்டு என்கிறார். கோல்ஃப் பந்தைக் கையால் எடுத்துக் குழியில் போட்டுவிடலாம், ஆனால் அப்படிச் செய்தால் அது கோல்ஃப் இல்லை. நானும் ரோடு வழியாக ஊருக்கு வந்திருக்கலாம். மலையும் வேரும் சேறும் நானாக ஏற்றுக்கொண்ட தடைகள்.

என் வாதத்துக்கு அடி விழுகிற இடமும் இதுதான். இரண்டு மணி நேரம் தேவையில்லாத கஷ்டத்தை ஆசையோடு பட்டவன் நான். ஒரு காலைத் தரையில் ஊன்றிப் பத்து நொடி நிற்கிற கஷ்டம் மட்டும் ஏன் எனக்குக் கசந்தது? அதுவும் ஒரு தடைதானே? ஈரப்பாதையில் சறுக்காமல் நிறுத்துவது நல்ல திறமை கேட்கிற விஷயம்கூட. நான் கஷ்டத்தை விரும்புகிறவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் விரும்பியது நானே தேர்ந்தெடுத்த கஷ்டத்தை. இன்னொரு ஆள் என் முன்னால் வந்து நிற்கிற கஷ்டத்தை நான் தேர்ந்தெடுத்திருக்கவில்லை. அந்தப் பாட்டியின் தலையில் இருந்ததோ, முழுக்க முழுக்க அவர் தேர்ந்தெடுக்காத கஷ்டம். அந்த ஒற்றையடிப் பாதையில் இந்த இரண்டும் எதிரெதிரே வந்தபோது, வேண்டுமென்றே கஷ்டப்படுகிறவனுக்கு, வேறு வழியில்லாமல் கஷ்டப்படுகிறவர் வழிவிட்டார்.

*

இதே தப்பை நான் வேறு ஊரில் செய்திருந்தால் இது மரியாதைக் குறைவு என்கிற அளவில் முடிந்திருக்கும். எங்கள் மண்ணில் பாதையை விட்டு ஒதுங்குவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1956 நவம்பர் 1-க்கு முன் இந்த மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்தது. எந்தச் சாதிக்காரர் வந்தால் எந்தச் சாதிக்காரர் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று அங்கே கணக்கு இருந்தது. 1893-இல் திருவனந்தபுரம் பக்கம் வெங்கானூரில் அய்யன்காளி வில்லுவண்டி கட்டிப் பொதுச்சாலையில் ஓட்டினார். தலித் ஒருவர் வண்டியேறிச் சாலையில் போவதே அன்றைக்குக் கலகம். 1924-இல் வைக்கம் போராட்டம் கோயிலுக்குள் போவதற்காக நடக்கவில்லை, கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்காக நடந்தது. பெரியார் அதில் சிறை போனார். 1925 முடிவில் மூன்று தெருக்கள் திறந்தன. கிழக்குத் தெரு திறக்கவில்லை. 1926-இல் இதே கோரிக்கையோடு நாஞ்சில் நாட்டுக்குள்ளேயே, சுசீந்திரத்தில் சத்தியாகிரகம். அன்று காலையில் நாங்கள் கடந்துபோன பூதப்பாண்டியில் 1907-இல் பிறந்த ப. ஜீவானந்தம் இளம் வயதிலேயே இந்தப் போராட்டங்களுக்குள் வந்தவர்தான். பிறகு 1936-இல் கோயில் நுழைவுப் பிரகடனம். அதற்கு முன்னால் எத்தனையோ பேர் கேட்டது வெறும் ரோட்டில் நடக்கிற உரிமையை.

என் வீட்டுக்கும் இதில் ஒரு கதை உண்டு. என் பூட்டி கருப்பட்டிப் பெட்டியைத் தலையில் வைத்துத் திங்கள்சந்தைக்கு நடந்தவர். வழியில் சில வீட்டு ஆட்கள் வந்தால் சுமையோடு முள்வேலிக்குள் இறங்கி நிற்க வேண்டும். காலம் மாறி, பிள்ளைகள் படித்து, வீடு ஓட்டிலிருந்து கான்கிரீட்டுக்கு மாறின பிறகும் அந்தப் பழக்கம் பூட்டியின் உடம்பை விட்டுப் போகவில்லை என்று ஆச்சி சொல்வார். முற்றத்தில் பேரப்பிள்ளை மூணு சக்கர சைக்கிள் ஓட்டி வந்தால்கூட, பூட்டி சுவரோடு ஒட்டி நின்று வழிவிடுவாராம். எல்லோரும் சிரிப்பார்களாம். ஆச்சியும் சிரித்துக்கொண்டேதான் இதைச் சொல்வார். சின்ன வயதில் நானும் சிரித்திருக்கிறேன்.

காட்டில் நான் பார்த்த பாட்டி என்ன சாதி என்று எனக்குத் தெரியாது. என் சாதி அவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தேன். சாதிக்காக அவர் ஒதுங்கவில்லை, வேகத்துக்காக ஒதுங்கினார். இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் முள்வேலிக்குள் நின்றவர்களின் வலியைச் சின்னதாக்கிவிடுவேன். ஆனால் காலை எடுத்துப் புதருக்குள் வைக்கிற அந்த அசைவு ஒன்றுதான். ‘வருகிறவனுடைய நேரம் என்னுடைய நேரத்தைவிடப் பெரிசு’ என்று உடம்பு முடிவெடுத்துவிடுகிறது. எதிரே வருகிறவனும் அதை நம்பி பிரேக்கை விட்டுவிடுகிறான். மூன்று தலைமுறையில் என் குடும்பம் வேலிக்குள் இறங்குகிற இடத்திலிருந்து, அடுத்தவர் இறங்குவார் என்று எதிர்பார்க்கிற இடத்துக்கு வந்துவிட்டது. அதை நான் முன்னேற்றம் என்று மட்டும்தான் இதுவரை எண்ணியிருந்தேன்.

இதே பழைய பாதைகளின் ஓரத்தில் இன்னொன்றும் நிற்கிறது, சுமைதாங்கிக் கல். நட்டு வைத்த இரண்டு கல்மேல் குறுக்கே ஒரு கல், சுமக்கிறவரின் தோள் உயரத்துக்கு. தலைச்சுமையை அதில் சரித்து வைத்து இளைப்பாறிவிட்டு, யார் உதவியும் இல்லாமல் மறுபடி தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். கர்ப்பமாக இருந்து இறந்துபோன பெண்களின் நினைவாக வைத்த கற்கள் இவற்றில் நிறைய. சுமையோடு போன ஒருத்திக்காக, சுமையோடு வரப்போகிற முகம் தெரியாத ஆட்களுக்குச் செய்து வைத்தது. சுமக்கிறவரால் கீழே வைக்கவும் முடியாது, வைத்தால் தனியாக எடுக்கவும் முடியாது என்பதை யோசித்துப் பார்த்தவர்கள் செய்த கல் அது. வழிவிடுகிற விதியை நான் கலிஃபோர்னியாவிலிருந்து கற்றுக்கொண்டிருக்க வேண்டியதே இல்லை. யாரால் சுலபமாக நிற்க முடியுமோ அவர் நிற்க வேண்டும். சுமை இல்லாதவர், அவசரம் இல்லாதவர், பிரேக் இருக்கிறவர்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. நான் நின்று வழிவிட்டால் அதிலும் ஒரு பெருமை வந்து ஒட்டிக்கொள்கிறது. சோதனைச்சாவடியில் யானைக்கு வழிவிட்டபோது வந்த அதே பெருமை. அதனால் நல்லவனாக வேண்டும் என்பதை விட்டுவிட்டு, சின்னதாக ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பாதையில் ஆள் தெரிந்ததும் அவர் ஒதுங்குவதற்கு முன்னால் என் கால் தரையில் இருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்து முடிவு பண்ணுவது இல்லை. நண்பன் ஒரு மணி வாங்கி மாட்டச் சொன்னான். வேண்டாம் என்றேன். நம் ஊரில் சைக்கிள் மணி அடித்தால் ‘ஒதுங்கு’ என்றுதான் அர்த்தம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அதே தோட்டத்துக்குப் போனேன். பாட்டியைப் பார்க்க முடியவில்லை. அதே வளைவுக்குக் கொஞ்சம் கீழே ஒரு அண்ணாச்சி இரண்டு கையிலும் பால் வாளியோடு ஏறி வந்தார். நான் நிறுத்திக் காலை ஊன்றி, சைக்கிளை மண்திட்டில் சாய்த்துக்கொண்டேன். அவரும் நின்றுவிட்டார். வாளியைக் கீழே வைக்காமலே, “நீ போ மக்ளே” என்றார். “இல்ல அண்ணாச்சி, நீங்க வாங்க” என்றேன். “நீ போடே, எறக்கத்துல நிண்ணா பின்ன ஓட்டக் கஷ்டமாக்கும்.” நான் நகரவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அப்படியே நின்றோம். கடைசியில் அவர் சிரித்துவிட்டு ஏறி வந்தார். என்னைத் தாண்டும்போது சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார்.

“வேல ஒண்ணும் இல்லியா?” என்று கேட்டார்.

“இண்ணைக்கு இல்ல அண்ணாச்சி” என்றேன்.